ரோட்டைப் பார்த்த போர்டு

"போர்டு ரோட்டைப் பாத்து இருக்கணும்மா. பஸ்ஸுல போறவனும் படிக்கணும். அதுக்குச் சம்மதம்னா சொல்லு, துட்டைப் பத்திப் பெறவு பேசுவோம்," என்றார் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி.

தூத்துக்குடியில் பருப்பு மொத்த வியாபாரம் என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். கல்லாவுக்குப் பின்னால் சாமி படங்கள். அவற்றுக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாக ஓர் இளைஞனின் படம்.

பொன்செல்வி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் போதை மீட்பு இல்லத்துக்கு நிதி திரட்டுவது அவள் பொறுப்பு. ஊர் வைத்த பெயர் 'வசூல்காரி'. கோயில் கொடை என்றால் இந்த ஊரில் அள்ளிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் என்றால் வியாபாரிகள் சங்கத்து மகமை நிதியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். "மாத்திரை போடுத பயலுவளுக்கு நாங்க எதுக்குத் தரணும்?" என்று இந்த வாரம் மட்டும் பதினோரு கடையில் கேட்டுவிட்டார்கள்.

எட்டு மாத வாடகை பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கட்டடக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார். உள்ளே இருபத்திரண்டு பேர். வெளியே விட்டால் அதில் பாதிப் பேர் அன்று சாயங்காலமே ஊசியைத் தேடிப் போய்விடுவார்கள்.

"போர்டுல என்ன எழுதணும் அண்ணாச்சி?"

"எம் மவன் பேருதான். முன்னால 'அமரர்'னு போடணும். போட்டோவும் இருக்கணும்."

பொன்செல்வி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "துட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒரே ஒரு தடவை இல்லத்துக்கு வந்து பாத்துட்டுப் போங்களேன். பத்து நிமிஷம் போதும்."

"அதை மட்டும் கேக்காத!" அவர் குரல் உயர்ந்ததில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அங்கன வந்து நான் எதைப் பாக்கணும்? மூணு வருஷத்துக்கு முன்னால பம்பாயில வச்சே எல்லாம் முடிஞ்சு போச்சு. இங்கன வந்து பதினாறும் கும்பிட்டாச்சு."

"வீட்டுல அக்காவாவது ஒரு தடவை..."

"அவளா? அந்தப் படத்துக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு பூ வச்சதில்ல. விளக்கு ஏத்துளான்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருதா. கோட்டிக்காரி."

டீ வந்தது. அண்ணாச்சி மேசையில் இருந்த மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டை ஒதுக்கி டம்ளருக்கு இடம் பண்ணினார். குரல் இப்போது தணிந்திருந்தது.

"தையில எம் மவ சண்முகப்ரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எட்டயபுரம், பெரிய இடம். ஆம்பளப் புள்ள உண்டான்னு கேட்டாவ. இருந்தான், போயிட்டான்னு சொன்னேன். அவிய வண்டி ஒங்க இல்லத்தைத் தாண்டித்தான வரணும்? பாக்கட்டும். செத்த மவன் பேருல தர்மம் பண்ணுத குடும்பம்னு தெரியட்டும்."

'ச்சீ, இதெல்லாம் ஒரு தர்மமா' என்று பொன்செல்விக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. இல்லத்தில் விரித்திருக்கும் இருபத்திரண்டு பாய்களை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"சம்மதம் அண்ணாச்சி."

அவர் எட்டு மாத வாடகைக்கும் ஒரே செக்காக எழுதிக் கொடுத்தார். "போர்டு தொங்குத வரைக்கும் மாசாமாசம் வாடகை வந்துரும். எறங்குச்சுன்னா துட்டும் நின்னுரும், பாத்துக்கோ."

போர்டில் வர வேண்டிய வரியையும் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதினார். 'அமரர்' என்று எழுதும்போது மட்டும் பேனா ஒரு தடவை நின்றது. பிறகு மளமளவென்று முடித்து, மேசையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, இரண்டையும் உறையில் போட்டு நீட்டினார்.

பொன்செல்வி ஸ்கூட்டியை இல்லத்து வாசலில் நிறுத்தியபோது, கேட்டருகே ஒருவன் காத்துக்கொண்டு நின்றான். எழுபது நாளாக மாத்திரையைத் தொடாதவன். 'இன்றைய சாப்பாடு இன்னார் உபயம்' என்று கரும்பலகையில் தினமும் எழுதுவது அவன்தான். முத்து முத்தான கையெழுத்து.

"என்னக்கா, காயா பழமா?"

"பழம்தான். வெள்ளிக்கிழமை யாரும் வெளிய போக வேண்டாம்."

"அப்பாடா!" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "வந்து பாக்கேன்னு ஏதும் சொன்னாவளா?"

"இல்லப்பா."

"சரி, விடுங்க. துட்டு வந்துச்சுல்லா."

"ஒரு போர்டு எழுதணுமாம்," என்று உறையைப் பைக்குள் திணித்தாள் பொன்செல்வி. "வெளிய ஆளை வச்சு எழுதிக்கிடுதேன்."

"வெளியாளுக்கு எதுக்குக்கா தண்டத்துக்குத் துட்டு? நான் ஒருத்தன் இருக்கேன்லா?" அவள் தடுப்பதற்குள் உறையை உருவிவிட்டான்.

போட்டோவைப் பார்த்தான். தாளைப் பிரித்து, அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தான். பொன்செல்வி கையை நீட்டினாள். "ஏலே, குடு அதை," என்றாள்.

போட்டோவில் இருந்த அதே முகம்தான், கன்னம் மட்டும் ஒட்டிப்போய், நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"எங்க அப்பா கையெழுத்துதான். போர்டை நானே எழுதிருதேன்க்கா, இருபத்திரண்டு பேரு இருக்கோம்லா," என்றான் செந்தில்முருகன். "மாலையை மட்டும் வேற யாரையாவது போடச் சொல்லுங்க."