இன்னைக்குத் தேதியே போடுங்க

அன்று காலை கடையில் இருந்தது ஐந்து பேர். முதலாளி செல்லச்சாமி, பில் போடும் ஷிஃபா, பிரிண்டிங் மெஷினில் காஜா, கம்ப்யூட்டரில் டிசைனர் ஜெகதீஸ்வரன், அவசரமாக வந்து நின்ற வாடிக்கையாளர் விஜயசங்கர்.

தென்காசியில் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் கடை அது.

"மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அண்ணாச்சி. நாலு மணிக்குள்ள வேணும்."

"எப்ப தவறினாரு?"

"இன்னும் இல்ல. ஐசியூல இருக்காரு. சாயங்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடைசி நேரத்துல எங்கன ஓட?"

ஜெகதீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். "மறைவுன்னு என்ன தேதி போட, சார்?"

"இன்னைக்குத் தேதியே போடுங்க."

போட்டோவைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார்.

பத்து மணிக்கு ஜெகதீஸ்வரன் ஐந்தருவிப் பழக்கடை போர்டை எடுத்தான். பதினொன்றுக்குக் கீபோர்டைத் துடைத்தான். ஒரு மணிக்குள் நான்கு டீ. செல்லச்சாமி எண்ணிக்கொண்டே இருந்தார்.

கெட்டிக்காரன்தான். போன சீசனில் அவன் செய்த போர்டில் இருந்த மங்குஸ்தானை ஒரு குரங்கு பறிக்கப் பார்த்தது. ஆனால் வேலையைத் தள்ளிப்போடுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை.

நேராகத் திட்டச் செல்லச்சாமிக்குக் கூச்சம்.

"ஏலே காஜா, சில பேருக்கு டீ குடிக்கத்தான் சம்பளம் போல."

"நான் இன்னைக்கு ஒண்ணுகூடக் குடிக்கலையே, அண்ணாச்சி!"

"உன்னையச் சொல்லலைலே."

"அப்ப யாரச் சொல்லுதீய?"

"என்னையத்தாம்லே," என்று சிரித்தான் ஜெகதீஸ்வரன். "இந்தா வந்து முடிச்சிருதேன், அண்ணாச்சி." ஐந்தாவது டீக்குப் போய்விட்டான்.

தினமும் கடை மூடும்போது, முடியாத வேலை எத்தனை என்று ஷிஃபா சொல்வாள். செல்லச்சாமி நோட்டில் எழுதுவார். என்ன வேலை என்று கேட்டதில்லை. மற்ற வேலைகள் வரும், போகும். எண்ணிக்கை மட்டும் மாதக்கணக்காக ஆறுக்குக் கீழே இறங்கவே இல்லை.

அவன் டீக்குப் போன கையோடு செல்லச்சாமி ஷிஃபா பக்கம் திரும்பினார். "இன்னையோட அவன நிப்பாட்டிருவோம்மா. அந்த ஆறும் என்னன்னு திற. வேற ஆள வச்சு முடிப்போம்."

"வேண்டாம், அண்ணாச்சி..."

"திறம்மா."

முதலாவது, புளியறை மாடன். கண்ணீர் அஞ்சலி. தோற்றம் என்பதற்கு நேரே தேதி இருந்தது. மறைவுக்கு நேரே காலி.

"இவரு நேத்து சந்தையில தேங்காய்க்குச் சண்டை போட்டாரே!"

இரண்டாவது, சொக்கம்மாள். "இந்த ஆச்சி போன வாரம் பேத்தி சடங்குக்குப் போர்டு சொல்ல வந்தாகளே!"

"எல்லாம் முன்கூட்டியே சொல்லி வச்ச போஸ்டர், அண்ணாச்சி. ஆள் போயிட்டாகன்னு போன் வந்தா, ஜெகா அண்ணன் பத்து நிமிசத்துல முடிச்சிருவாக. போன் வராததுதான் இங்கன கிடக்கு. உசுரோட இருக்கவுகளுக்கு அடிக்கக் கை வரலையாம்."

மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதை ஷிஃபா திறக்கவில்லை. செல்லச்சாமியே மவுஸைப் பிடித்தார்.

மகள் கல்யாணத்தில் எடுத்த அவருடைய போட்டோ. கீழே அவர் பெயர். மறைவுக்கு நேரே காலி.

ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் செல்லச்சாமி.

"யாரும்மா சொன்னது?"

"உங்க மச்சான்தான். ரெடியா இருக்கட்டும்னு நாலு தடவ வந்தாக. நாலு தடவயும் ஜெகா அண்ணன் டீ குடிக்கப் போயிட்டாக."

போன் அடித்தது. விஜயசங்கர்.

"அண்ணாச்சி, போஸ்டர் ஆயிட்டா?"

செல்லச்சாமி திரையில் இருந்த தன் போட்டோவை மூடினார். "இன்னும் கையே வைக்கல, தம்பி. நீங்க மாமனார் பக்கத்துல இருங்க."

ஜெகதீஸ்வரன் உள்ளே வந்தான். செல்லச்சாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏலே காஜா, அவனுக்கு இன்னொரு டீ சொல்லு."

"இப்பதான் குடிச்சிட்டு வாரேன், அண்ணாச்சி," என்றான் ஜெகதீஸ்வரன்.

"குடிலே. ஆறாவது என் கணக்கு."

கடை மூடும்வரை விஜயசங்கரிடமிருந்து வேறு போன் வரவில்லை. செல்லச்சாமி ஷிஃபாவைக் கேட்காமலே நோட்டைத் திறந்து எழுதினார்: நிலுவை, ஏழு பேர்.