கரும்பலகையில் இடம்

கரும்பலகையில் அடிப்படைச் சமன்பாட்டை மட்டும் எழுதச் சாக்பீஸிடம் சொன்னால், இயற்பியல் ஆய்வகமே அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, என்னை விட்டுடாதீங்க" என்றது ஊசல். சாக்பீஸ் எழுதியது. சுருள்வில் முறைத்தது, அதற்கும் எழுதியது. கப்பியைப் பகைக்க முடியுமா? எழுதி எழுதி நகக்கண் அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் உறைத்தது: 'விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம்' என்பதை எழுதவே இல்லை. இவர்கள் அத்தனை பேரையும் பெற்றதே அதுதான்.

"யாராவது கொஞ்சம் இறங்குறீங்களா?"

"அதுக்காகப் பேச எவன் வந்தான்?" என்றது ஊசல். "என் மேல கை வச்சுப் பாரு."

சாக்பீஸுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கீழே கிடந்த ஒருத்தன்தான் எழுந்து வந்து மொத்தத்தையும் துடைத்தான். ஊசல் அலறியது. வெறும் பலகையில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுச் சாக்பீஸ் தூளாகிப் போனது.

சரிசெய்தவனை ஆய்வகம் இன்னும் திட்டுகிறது: பாழாய்ப்போன டஸ்டர்.