வியாழக்கிழமைக் குடி

“ஏட்டையா, எங்க வீட்டு மனுசன இன்னிக்கே பிடிச்சு உள்ள தள்ளுங்க” என்றாள் அன்னத்தாய். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே, அவளுக்கென்ன?

அந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவர் ஹவில்தார் நயினார் ஒருவர்தான். தாராவித் தமிழர்களுக்கு ஊர்ப் பழக்கத்தில் அவர் ஏட்டையா. பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம் அது. குடித்தவன் பிடிபட்டால் ஜெயில்தான். அதை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

அவள் புருஷன் தங்கசாமிக்குத் தோல் பட்டறையில் வேலை. போன தீபாவளிக்குக் குடித்துவிட்டு வந்து அவன் தள்ளிய தள்ளில் அவளுடைய இடது கை முறிந்து, ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு சமைத்தாள். கட்டுப் பிரித்த அன்று, இனிமேல் தொடமாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இன்னொரு தரம் குடித்தால் உன்னை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு ஊருக்கு ரயிலேறிவிடுவேன் என்று அவளும் சொல்லியிருந்தாள். இன்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டே கிளம்பி வந்திருக்கிறாள்.

இரண்டு மாதமாக அவன் வாயில் வாடை இல்லை என்பது உண்மைதான். அதற்காகச் சந்தோஷப்பட அவள் ஏமாளியா? வாடை வராமல் குடிக்கப் படித்துக்கொண்டுவிட்டான், அவ்வளவுதான். சட்டைப் பையில் எந்நேரமும் பெப்பர்மின்ட். வியாழக்கிழமை தவறாமல் வேலை விட்டதும் எங்கோ போய்விடுகிறான். கேட்டால் ஓவர்டைம் என்கிறான். பட்டறை மேஸ்திரியை விசாரித்தால், வியாழக்கிழமை ஓவர்டைமே கிடையாதாம்.

இன்றும் வியாழக்கிழமை. காலையில் துவைக்க எடுத்த சட்டையில் ஒரு சீட்டு அகப்பட்டது. ஒரு விலாசம். அதன் கீழே, ‘வியாழன் ஆறு மணி. பெயர் கேட்க மாட்டார்கள்.’ எழுத்துக் கூட்டிப் படித்தபோதே அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது.

சீட்டை நீட்டினாள். நயினார் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால, மாடி ரூம்புதான?”

அவளுக்குச் சுருக்கென்றது. கள்ளச் சாராயம் விற்கிற இடம் போலீஸ்காரருக்கு மனப்பாடமாக எப்படித் தெரியும்? மாதா மாதம் மாமூல் ஒழுங்காக வந்துவிடுகிறதா என்று நறுக்கென்று கேட்டும் விட்டாள். அவர் கோபப்படவில்லை. அங்கே யார் யார் வருகிறார்கள் என்று தான் சொல்லக் கூடாது, வேண்டுமானால் கூட வந்து அவளே பார்த்துக்கொள்ளலாம் என்றார். உள்ளே போய்க் காக்கியைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். காக்கி இல்லாமல் இந்த ஆள் யாரைப் பிடித்துக் கிழிக்கப் போகிறார் என்று அவளுக்கு எரிந்தது.

பஸ்ஸில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். குடிகாரர்களையும், குடிக்க விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்களையும் ஒரே மூச்சில் வைதாள். முன் ஸீட்டில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். நயினார் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ மென்றுகொண்டிருந்தார். நடுவில் ஒருதரம் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அந்த வாசனையே அவளுக்கு ஆகாது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பிடிச்சுக் குடுத்துட்டு நாளைக்கு அழக் கூடாது, தாயி.”

“நான் அழுததெல்லாம் போதும் ஏட்டையா. இனி அவரு அழட்டும்.”

இறங்கியபோதே மணி ஆறரை. மாடிப் படி ஏறும்போது உள்ளே ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டப் போன நயினாரை ஒதுக்கிவிட்டு அவளே ஒரு தள்ளுத் தள்ளினாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு தம்ளர். நட்டநடுவில் தங்கசாமி, அவன் கையிலும் ஒன்று. நினைத்தது சரியாகப் போனதில் ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மறு நொடி மகளின் தலையும் அதன்மேல் அவன் வைத்த கையும் ஞாபகம் வந்து கத்தினாள்.

“பிடிங்க ஏட்டையா. கையில தம்ளரோட நிக்காரு, இன்னும் என்ன சாட்சி வேணும் ஒங்களுக்கு?”

தங்கசாமியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவனும் ஓடவில்லை, மற்றவர்களும் ஓடவில்லை. ஒருத்தராவது தம்ளரை ஒளிக்க வேண்டுமே, அதுவும் இல்லை. அந்தத் திமிர்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

வாசலருகே நின்ற மாட்டுங்கா ஆபீஸ்காரர் ஒருவர், நெற்றி நிறைய விபூதியோடு, அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

“ஏன் நயினார் இத்தனை லேட்டு, நீங்க குடியை விட்டு இன்னியோட ஒரு வருஷமாச்சேன்னு எல்லாரும் டீயைக் கையில வச்சுண்டு காத்துண்டிருக்கோம்.”