ஞாயிறு பார்த்தா கிளம்பணும்?

"லாவினியாக்கா, அது உங்க தேனீதானே?"

சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேயினி ஜன்னலைக் கண்ணால் காட்டினாள். கோயிலுக்குப் பின்னால், சீமைப்பலாக் கிளையில், ஒரு பழுப்புக் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. பழமில்லை. அசைந்தது.

லாவினியா எட்டிப் பார்த்தாள். அவளுடையதுதான்.

போன புயலில் ஆறு தேனீப் பெட்டியில் ஐந்து போய்விட்டது. மிஞ்சிய ஒன்றிலிருந்து ஒரு கூட்டம் பிரியாதா என்று ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள். அவள் மட்டுமா? ஊரில் பூசணி பூக்கிறது, காய்க்க மாட்டேன் என்கிறது. தேனீ போதவில்லை.

"இத்தனை நாளை விட்டுட்டு ஞாயித்துக்கிழமை பார்த்தா கிளம்பணும்? சனியனுங்க!"

"நாளைக்குப் பிடிச்சுக்கலாமே."

"நாளை வரைக்கும் தொங்குமா? மத்தியானத்துக்குள்ள காட்டுக்குப் பறந்துடும்டி."

"அப்ப போய்ப் பிடிங்க. அடுத்த வாரம் போதகர் உங்க பேரை வாசிப்பார்."

டோங்காவில் ஞாயிறன்று வேலை செய்யக் கூடாது. சட்டம். போதகர் ஃபினாவ் சட்டத்தைவிடக் கறார். போன மாதம் ஞாயிறன்று துணி துவைத்த ஒருத்தியின் பெயரைச் சபை நடுவே வாசித்தார். அவள் இன்னும் தலை நிமிரவில்லை.

போதகர் மேடையிலிருந்து முறைத்தார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் ஆமென் சொல்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

எப்படியும் ஐந்து நிமிஷம் ஓடும். லாவினியா கோயிலுக்கென்று உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டிய ஓலைப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினாள்.

டின் இறைச்சி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதைக் கொத்துக்கு அடியில் பிடித்தாள். கிளைக்கு ஒரே உலுக்கு. பொத்தென்று விழுந்தது கூட்டம். பெட்டியைக் கவிழ்த்து, ஓரத்தில் கல் வைத்து இடுக்கு விட்டாள்.

இனி காத்திருக்க வேண்டியதுதான். ராணி உள்ளே இருந்தால், வெளியே சிதறியதெல்லாம் தானாக நடந்து உள்ளே போகும். இல்லையென்றால் உள்ளே இருப்பதும் கிளைக்கே திரும்பிவிடும்.

ஐந்து நிமிஷம் ஆனது. பத்தும் ஆனது.

உள்ளே ராஜாவுக்காக ஜெபம் நடந்தது. பிறகு ஆக்லாந்துக்குப் பிழைக்கப் போனவர்களுக்காக. மீனுக்காக. பன்றிகளுக்காக. ஃபிஜிக்காக, சமோவாவுக்காக, ஆஸ்திரேலியாவுக்காக. யாரோ சத்தமாகவே பெருமூச்சு விட்டார்கள்.

இடுக்கில் நின்ற தேனீக்கள் வாலைத் தூக்கிச் சிறகடித்தன. மற்றதெல்லாம் மந்தை மாதிரி உள்ளே நடக்க ஆரம்பித்தது. ராணி உள்ளேதான்! லாவினியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கடைசித் தேனீயும் நுழைந்த பிறகு ஓடி வந்து உட்கார்ந்தாள்.

"ஆமென்."

வெளியே வரும்போதே சேயினி பொரிந்து தள்ளினாள். "முப்பது நிமிஷம்! மண்ணடுப்புல வச்ச பன்னி கரிக்கட்டையாகியிருக்கும். இந்த மனுஷனுக்கு வாய் வலிக்காதா?"

வாசலில் போதகர் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். லாவினியா குனிந்த தலையோடு கையை நீட்டினாள். அவர் கையைப் பிடிக்காமல், அவள் கூந்தலிலிருந்து ஒரு தேனீயை இரண்டு விரலால் எடுத்தார்.

செத்தோம் என்று நினைத்தாள்.

அவர் அதைப் பறக்க விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் உள்ள போயிடுச்சாம்மா? அதுக்கு மேல ஜெபிக்க எனக்கு நாடே மிச்சமில்ல."