நூற்றுப் பத்தாம் பக்கம்

"டீக் ஹை, சரி. நூத்திப் பத்தாம் பக்கத்தைத் திற. அதை வாசி, பாக்கலாம்" என்றார் மன்றச் செயலாளர் ராகவேந்திரா.

எனக்குக் கொடுத்திருந்த பக்கம் நூற்று நாற்பத்திரண்டு.

அதை மட்டும்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்க என்று சொல்வதுகூடச் சரியில்லை. விசாலம் டீச்சர் உச்சரிப்புக்காகப் பதிவு செய்து தந்த கேசட்டை, போசரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் வாக்மேனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். வீட்டில் தமிழ் பேசினாலும் படித்தது மராத்திப் பள்ளியில். தமிழ் எழுத்துகளை அந்த வருடம்தான் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்கி தமிழ் மன்றத்தின் மாடி அறையில் அன்றைக்கு அந்த நாவலுக்கு வெள்ளிவிழா.

ரயில் வராத பிளாட்பாரத்தில் ஒருவன் காலையிலிருந்து இரவுவரை காத்திருப்பான். அவ்வளவுதான் கதை. முற்றுப்புள்ளியே கிடையாது. நிறையப் படித்தவர்களே பாதியில் மூடிவைத்த புத்தகம். அதைப் பற்றிப் பேச வேண்டாம், சத்தமாக வாசித்தால் போதும், அதுதான் விழா என்று டீச்சர் முடிவு செய்திருந்தார்.

பெஞ்சுகளை பிளாட்பாரம் போல ஒரே வரிசையில் போட்டிருந்தோம். கதையில் அவன் சாப்பிடுகிற மாதிரியே, செய்தித்தாளில் மடித்த எலுமிச்சை சாதப் பொட்டலங்கள். வாசித்து முடிக்கும்வரை யாரும் பிரிக்கக் கூடாது.

ராகவேந்திராவுக்கு அந்த அறை கம்ப்யூட்டர் வகுப்புக்கு வேண்டும். மாலைத் தமிழ் வகுப்பில் நாங்கள் ஐந்து பேர்தான். இன்று ஒழுங்காக வாசித்தால் வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டிருந்தார். நாங்கள் அவரவர் பக்கத்தை உருப்போட்டு வந்திருப்போம் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

முதல் ஆள் நான்.

நூற்றுப் பத்தைத் திறந்தேன். முதல் சொல்லைக் கூட்டினேன். ம. ழை. மழை.

அடுத்த சொல் பாதி வரிக்கு நீண்டிருந்தது. பார்த்ததுமே எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

ராகவேந்திரா என் அருகிலேயே வந்து உட்கார்ந்தார். தன் கையில் இருந்த பிரதியிலும் அதே பக்க எண்ணைத் தேடித் திறந்தார். முதல் சொல்லின் கீழே ஆள்காட்டி விரலை வைத்தார்.

உண்மையைச் சொன்னால் வகுப்பு போகும். எழுத்துக்கூட்டித் திணறினாலும் போகும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதில் மாட்டினால் டீச்சரின் மானமும் சேர்ந்து போகும்.

யோசித்து முடிப்பதற்குள் வாய் நூற்று நாற்பத்திரண்டைத் தொடங்கிவிட்டது.

வெயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி அவன் செருப்பருகே வந்து உட்கார, கூலிக்காரன் சிவப்புத் துண்டை உதறி மடிக்க, மடித்த துண்டுக்குள் அவனுடைய மதியம் முழுவதும் போக...

டீச்சரின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

ராகவேந்திராவின் விரல் மழையைத் தாண்டி நகர்ந்தது.

என்னைப் பிடிப்பதற்கு நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். என் கண் புத்தகத்தில் இல்லை. அந்த விரலில்தான் இருந்தது. அது முதல் வரியை முடித்தது. இரண்டாம் வரிக்கு இறங்கியது. நான் வேகமாகப் போனால் அதுவும் வேகமாகப் போயிற்று.

கேசட்டில் டீச்சர் ஓரிடத்தில் தொண்டையைச் செருமியிருப்பார். அந்த இடம் வந்ததும் பழக்கத்தில் நான் நின்றேன்.

விரலும் நின்றது.

முடிந்தது என்று நினைத்தேன். டீச்சர் மடியில் இருந்த பொட்டலம் நசுங்கும் சத்தம் கேட்டது. கண்ணால் மட்டும் 'போ' என்றார். போனேன்.

நான் கடைசிச் சொல்லைச் சொன்னபோது விரல் கடைசி வரியின் ஓரத்தில் இருந்தது.

அவர் புத்தகத்தை மூடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் அவரவர் பக்கத்தையே வாசிக்கட்டும் என்றார். கம்ப்யூட்டரைக் கீழறையில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

எல்லோரும் வாசித்து முடித்தார்கள். பொட்டலங்கள் பிரிந்தன. பெஞ்சு முழுக்க எலுமிச்சை வாசனை. டீச்சர் மட்டும் தன் பொட்டலத்தைப் பிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவும் சாக்கில் வராந்தாவுக்குப் போனேன்.

பின்னாலேயே ராகவேந்திரா வந்தார். கையில் புத்தகம். இனி தப்ப முடியாது, இங்கேயே கேட்டுவிடட்டும், யார் காதிலும் விழாது என்று நின்றேன்.

அவர் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நூற்றுப் பத்தைத் திறந்தார். முதல் சொல்லின் கீழே விரலை வைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுதானேம்மா வெயிலு?"

அந்தப் பக்கத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் அது.