உடைத்தவன்

"எந்தப் படுபாவி இதை உடைச்சான்?" பழைய சாமான் கடையில் கத்தினேன்.

என் பழைய பாய்ப்படகுக்குச் சுக்கான் தேடி நாலு வருஷம் நாயாய் அலைந்தவன் நான். இங்கே அதே ரகப் படகு ஒன்று சுக்கானோடு துண்டு துண்டாகக் கிடந்தது.

"படகுக்காரர் அழுதுகிட்டேதான் உடைக்கக் குடுத்தார் சார்," என்றார் கடைக்காரர். "எல்லாம் சரி பண்ணிட்டார். பாய்மரம் நிக்கிற பித்தளைக் கிண்ணம் மட்டும் கிடைக்கல."

"தேடணும்யா! நான் தேடலையா?"

"தேடினார் சார். கடைசியா ரெண்டு இருந்துச்சாம். எவனோ ஒருத்தன் ரெண்டையும் அள்ளிட்டுப் போயிட்டானாம். ஒரு படகுக்கு ஒண்ணு போதாதா?"



ஒன்று என் படகில் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டுமே என்று வாங்கிய இன்னொன்று, சுற்றிய காகிதம்கூடப் பிரிக்காமல், என் அலமாரியில்.