வான்கோழிக்கு மாறுவேடம்

நன்றித்திருநாள் விடுமுறைக்கு மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. வெளியே மினசோட்டாவின் பனி கொட்டுகிறது. காலையிலிருந்து விளையாடப் போகாத என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்காலிகளில் நெளிகிறார்கள். நாளைய விருந்தில் யாரும் பிடித்துச் சமைத்துவிடாதபடி காகித வான்கோழிக்கு மாறுவேடம் போடுவதுதான் இன்றைய பாடம். மேசையெல்லாம் பசை. தலைக்கு மேல் குழல்விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. ஓவன் என்ற பையனின் கோழி தீயணைப்பு வீரராகிவிட்டது. லீஃபின் கோழி என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் போலவே முறைக்கிறது. இங்க்ரிட் மட்டும் கத்தரிக்கோலைத் திறந்து மூடி, திறந்து மூடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் அப்பா வைத்திருப்பது வான்கோழிப் பண்ணை. "ஒரு தொப்பியாவது ஒட்டேன்டி, அடையாளம் தெரியாதுல்ல," என்கிறான் லீஃப். அவள் நிமிராமல் சொல்கிறாள்: "தொப்பி வச்சு என்னடா பண்றது? எங்கப்பா கதவைத் திறந்தாலே, தீனி போட வர்றாருன்னு அதுங்களே ஓடி வரும்." லீஃப் பசைக்குச்சியைக் கீழே வைக்கிறான். கத்தரிக்கோல் இரண்டு முறை கிறீச்சிடுகிறது. இங்க்ரிட் எழுந்து வந்து தன் கோழியை என் மேசைமேல் வைக்கிறாள். வெட்டிய இரண்டு கால்களும் அவள் உள்ளங்கையில் இருக்கின்றன. "இனிமே இது ஓடி வராது, டீச்சர்."